பார்க்காமல் எழுதிய ஏழு

மாம்பழக் காலத்தில் எங்கள் ஆலையின் கழிவுநீரிலும் மாம்பழம் மணக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழச்சாறு அடைக்கும் ஒரு ஆலை அது. அதன் பின்பக்கத்தில், கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் நான் கெமிஸ்ட். ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆலைக்குப் போனதும், பையைக்கூட வைக்காமல் காற்றுத் தொட்டியின் விளிம்பில் போய் நிற்பேன். அடியிலிருந்து ப்ளோயர் காற்றை ஊத, காபி நிறத் தண்ணீர் குமுறிக்கொண்டே இருக்கும்.

அந்த நிறம் அழுக்கு அல்ல. அத்தனையும் பாக்டீரியா. பழத்தின் சர்க்கரையைத் தின்று, ஊதுகிற காற்றைச் சுவாசித்து, ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்துகொண்டே இருப்பவை. வெயில் ஏறும் முன் அங்கே நின்றால் நனைந்த மண்ணின் வாசனை வரும். அந்த இரைச்சலில் எத்தனை நேரம் நிற்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

என் வேலை எளிமையானது. ஆலையின் குழாய்களைக் காஸ்டிக் சோடா கரைத்துக் கழுவுவார்கள். அந்தக் காரத் தண்ணீர் முதலில் ஒரு சேகரிப்புத் தொட்டிக்கு வரும். அமிலம் விட்டு அதன் பிஹெச் ஏழுக்கு வந்ததா என்று மீட்டரில் பார்த்து நான் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஆபரேட்டர் காற்றுத் தொட்டிக்குப் போகும் வால்வைத் திறப்பார். நான்கு வருடங்களாக அந்த எண் ஏழு, அல்லது ஏழை ஒட்டி. ஒரு காலையில் நான் சேகரிப்புத் தொட்டிக்குப் போகாமலே ஏழு என்று எழுதினேன். காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. உடம்பு சரியாக இருந்தது, வீட்டில் கவலை இல்லை. ஜன்னல் வழியே ப்ளோயர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கை தானாக எழுதியது.

ஆபரேட்டருக்கு என் வயதுதான். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நாற்று நட்டவர்கள். சட்டைக்குள் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை கிடக்கும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவர் ஓடி வந்தார்.

"மேடம், இன்னான்னு தெரில, டேங்க்கு பால் மாரி பொங்கிக்கினு வருது."

வெள்ளை நுரை காற்றுத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி நடைபாதையில் வழிந்துகொண்டிருந்தது. வெயிலில் அது அவ்வளவு அழகாக இருந்ததை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பிஹெச் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அமிலம் விடும் பம்பின் குழாய் அடைத்திருந்தது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் வழக்கமாக இரண்டில் நிற்கும். அது ஆறுக்கு ஏறியிருந்தது. ஊதுகிற காற்றை உள்ளே இழுக்க ஆளில்லை என்று அதற்குப் பொருள்.

மேனேஜர் வந்தார். முதலில் ஆபரேட்டரிடம்தான் பாய்ந்தார்.

"பாக்காம தொறந்துட்டியா?"

"ரிஜிஸ்டர்ல ஏழுன்னு இருந்துச்சு சார்."

மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்தார். "அப்ப மீட்டர்தான் தப்பு காட்டியிருக்கு" என்று அவரே முடிவு செய்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆபரேட்டர் என்னைப் பார்த்துவிட்டு நுரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொட்டியைக் காலி செய்துவிட்டு வேறு ஆலையிலிருந்து லாரியில் பாக்டீரியா நிறைந்த புதுச் சேறு கொண்டுவரலாம் என்றார் மேனேஜர். எனக்கு மூன்று நாள் வேண்டும் என்று கேட்டேன். வால்வை மூடிவிட்டால் சேகரிப்புத் தொட்டி நிரம்ப அவ்வளவு நாள் ஆகும். அவர் சம்மதித்தார்.

பாக்டீரியா தனித்தனியாக வாழ்வதில்லை. பிசின்போல ஒன்றைச் சுரந்து, ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்னக் கட்டிகளாக மிதக்கும். காரம் பட்டால் வெளியே இருப்பவை சாகும். நடுவில் இருப்பவை தின்பதையும் பிரிவதையும் நிறுத்திவிட்டு, உடைந்ததைச் சரிசெய்துகொண்டு சும்மா கிடக்கும். பார்ப்பதற்கு அதுவும் சாவைப் போலத்தான் இருக்கும். எத்தனை பிழைத்திருக்கின்றன என்று அன்று சொல்ல வழியில்லை. வால்வை மூடினோம். அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஏழரைக்குக் கொண்டுவந்தோம். புது பாக்டீரியாவுக்காக ஆபரேட்டர் வீட்டிலிருந்து இரண்டு பக்கெட் சாணி கொண்டுவந்து கரைத்தார். பிழைத்தவற்றுக்குத் தீனியாக நான் வெல்லத்தைக் கரைத்து ஊற்றினேன்.

இரண்டாம் நாளும் ஆக்சிஜன் ஆறுதான். கலங்கிய தண்ணீரைக் கண்ணாடி உருளையில் பிடித்து வைத்தோம்; உயிருள்ள கட்டிகள் அரைமணியில் அடியில் படிய வேண்டும், எதுவும் இறங்கவில்லை. விளிம்பில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ரயில் ஒன்று வடக்கே போகும் சத்தம் மெல்லத் தேய்ந்தது.

"நேத்து காலைல நீங்க கலெக்‌ஷன் டேங்க் பக்கமே வரலியே மேடம்" என்றார் அவர். குரலில் குற்றச்சாட்டு இல்லை.

"தெரிஞ்சும் ஏன் சார்கிட்ட சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது, நான்தான் பார்க்காமல் எழுதினேன் என்றேன். அவர் ரிஜிஸ்டரைத் திறந்து அந்த ஏழை மறுபடி பார்த்தார். பிறகு, "நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். மெமோ தந்தார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது பசித்தது. முதல் நாள் மதியத்திலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலை ஆபரேட்டர் எனக்கு முன்பே ஆக்சிஜன் மீட்டரைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றார். ஐந்து புள்ளி ஒன்று. இன்னும் கொஞ்சம் வெல்லக் கரைசலை ஊற்றினோம். வெயில் ஏறியது. நாலு புள்ளி ஆறு. மதியத்தில் மூன்றரை. ஒரு எண் இறங்குவதை அப்படி ஆசையாக நான் பார்த்ததே இல்லை. கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஏதோ ஒன்று மூச்சிழுக்கத் தொடங்கியிருந்தது.

"வந்துடுச்சுங்க மேடம், வந்துடுச்சு!" ஈரக் கையாலேயே அவர் சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

அன்று மாலை மேனேஜர் லாரி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். வால்வைக் கால்வாசிதான் திறந்தோம். தண்ணீர் பழைய நிறத்துக்கு வர இன்னும் பத்து நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒரு காலையில் ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். பழுப்புக் கட்டி ஒன்றின் ஓரத்தில், மெல்லிய காம்பில், மணிபோன்ற ஓருயிர் ஆடிக்கொண்டிருந்தது. அது பாக்டீரியா அல்ல, பாக்டீரியாவைத் தின்பது. அது குடிவந்தால் தொட்டி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் அவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்ததே இல்லை. நானும் கூப்பிட்டதில்லை.

குனிந்து பார்த்தவர் அசையவே இல்லை.

"ஓரமா சின்னச் சின்ன புள்ளியா ஓடுதே, அதெல்லாம் இன்னா மேடம்?"

"அதுங்கதான், நம்ம பாக்டீரியா."

"இத்தினி பேரா?" என்றார். கண்ணை எடுக்காமல், பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.