மூக்கைப் பார்க்கும் செல்லியம்மாள்

புல்லில் பனி காய்ந்த பிறகுதான் ஆட்டுப்பட்டியின் படலைத் திறப்பாள் செல்லியம்மாள். அதுவும் பாதிதான். அந்த இடுக்கில் குந்திக்கொண்டு, வெளியே வரும் ஒவ்வொரு செம்மறியையும் முழங்கால்களுக்கு நடுவே மடக்கிப் பிடித்து, மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். மூச்சு தாராளமாக வந்தால் முதுகில் ஒரு தட்டு. "போ சாமி, போய் மேயி." மூக்கு ஒழுகினால் முந்தானையால் ஒரு துடைப்பு. "நீ அக்கட்டால நில்லு!"

மனிதர்களைக் கண்டாலும் அவள் கண் முதலில் போவது மூக்குக்குத்தான். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, "மாப்பிள்ளை லட்சணமாத்தான் இருக்கறான். மூக்கத்தான் உறிஞ்சிக்கிட்டே இருக்கறான்" என்று சொல்லி, பெண் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவள் வளர்ப்பது மேச்சேரி ஆடு. அதற்குக் கம்பளி ரோமம் ஏது? மழை பட்டால் நேரே தோலுக்குத்தான் போகும். அதனால் பட்டியை மேட்டில் போட்டு, கூரை வேய்ந்து, தரையில் சாம்பலும் சருகும் பரப்பியிருக்கிறாள். கூரைக்கும் சுற்றுப் படலுக்கும் நடுவே காற்றுப் போய்வர ஒரு முழம் திறப்பு.

போன ஐப்பசி அடைமழையில், தங்கச்சி பிரசவத்துக்கென்று தாரமங்கலம் போயிருந்தாள். அணைக்கட்டு வேலைக்குக் கல் வண்டி ஓட்டும் அவள் புருஷன் காளியப்பனுக்கு அப்போது ஆடுகள்மேல் பாசம் பொங்கிவிட்டது. பழைய படுதா ஒன்றைக் கொண்டுவந்து அந்தத் திறப்பைச் சுற்றிலும் இறுக மூடிக் கட்டிவிட்டான்.

திரும்பி வந்தவள் படலைத் திறந்தாளோ இல்லையோ, உள்ளிருந்து வந்த நெடி முகத்தில் அறைந்தது. ஆடுகள் தும்மிக்கொண்டிருந்தன. அவள் கல்யாணத்தின்போது அப்பன் சீராக ஓட்டிவிட்ட ஆட்டின் வழியில் மிஞ்சியிருந்தது செவலை ஒன்றுதான், அதுவும் நிறைசினை. அது மூக்கில் சளி அடைத்து, தழையைத் தொடாமல், தலையைத் தொங்கப்போட்டு நின்றது. செவலை போனால் குட்டியும் போச்சு, அப்பன் வீட்டு வமிசமும் போச்சு!

"குளுரக் கூடாதுன்னுதானே புள்ள கட்டுனேன்?" என்றான் காளியப்பன்.

"அப்படிங்களா? உள்ளார போயி உக்காந்து ஒரு வெத்தல போட்டுட்டு வாங்க, பாக்கலாம்."

அவன் வீறாப்பாகப் போனான். அவள் படலைச் சாத்தினாள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதற்குள், "ஐயோ ஆத்தா, மூத்தர வாடை மண்டைக்கு ஏறுதே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். பழக்கதோஷம், அவன் மூக்கையும் முந்தானையால் துடைத்துவிட்டாள். படுதாவை அவனே அவிழ்த்துப் போட்டான்.

செவலையை வீட்டு நடையில் காய்ந்த வைக்கோல்மேல் தனியாகக் கட்டினாள். வெந்நீர்த் துணியால் மூக்குச் சளியைத் துடைத்தெடுத்தாள். நொச்சித் தழை கொதித்த பானையைச் சற்றுத் தள்ளி வைத்து, மேலே சாக்கைப் பிடித்து ஆவி காட்டினாள். ஆடு அவள் முகத்திலேயே தும்மியது. "தும்மு சாமி, நல்லாத் தும்மு!" அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"கசாயம் வெச்சு ஊத்தலாமா?" என்றான் காளியப்பன்.

"மூச்சு உடவே முடியல. வாயில ஊத்துனாப் பொரையேறிப் போயிருமுங்க. மூக்கு தொறக்கட்டும். வாடை தெரிஞ்சா அதுவே திங்கும்."

"சரி, நீயாச்சும் வந்து சாப்புடு."

"எனக்கு வேண்டாமுங்க."

இரவும் அதையேதான் சொன்னாள், காலையிலும் அதையேதான் சொன்னாள். அதற்குமேல் வற்புறுத்த அவனுக்குத் தைரியம் இல்லை. மத்தியானம் தனியாக உட்கார்ந்து, களியைக் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்து நடையில் 'நறுக்'கென்று ஒரு சத்தம். செவலை தன் முன்னால் கட்டியிருந்த அகத்திக் கிளையை முகர்ந்து, இழுத்து, கடிக்கத் தொடங்கியிருந்தது.

செல்லியம்மாள் கண் நிறையப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று வந்து, புருஷன் கையிலிருந்த களியைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு, அதை விழுங்குமுன்பே அவன் வட்டிலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.