முந்தின நாளே கழுவி வைத்த குழாய்

எழுபதுகளின் கடைசியில் பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எங்கள் டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியபோது, அங்கே கழித்துப்போட்ட ஒரு டயாலிசிஸ் மெஷினைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். மெஷின் என்றால் இன்றைக்கு இருப்பது போல விளக்கு எரிகிற பெட்டி இல்லை. நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஓர் எவர்சில்வர் தொட்டி, ஒரு பம்பு, நாலைந்து குழாய்கள், அவ்வளவுதான். நோயாளியின் ரத்தம் ஒரு மெல்லிய குழாய்ச் சுருளுக்குள் ஓடும். அந்தச் சுருள் தொட்டியில் நாங்கள் கலந்து வைத்த மருந்துநீரில் முழுகியிருக்கும். ரத்தத்திலிருக்கும் கழிவு அந்த நீருக்குள் வந்துவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தின் வேலையை அந்தத் தொட்டி வாரத்துக்கு இரண்டு நாள் செய்தது.

நீரைக் கலப்பது என் பொறுப்பு. உப்பு வகைகளைத் தொட்டியில் கரைத்த பிறகு கடைசியில்தான் சோடா. ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடாதான், மருந்துக்கென்று சுத்தப்படுத்தியது. முதலிலேயே மற்றதோடு சேர்த்தால் தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தது போல வெளுத்துவிடும். அதனால் அதைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கேனில் கரைத்து, விரல் தடிமன் ரப்பர் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விடுவேன். கூடவே, நீர் வெளுக்காமல் இருக்க, சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைக் குமிழ் விட வேண்டும்.

இந்தச் சோடாத் தண்ணீரிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கிருமிகளுக்கு அது மிகவும் பிடிக்கும். ஆகவே வேலை முடிந்ததும் கேனையும் குழாயையும் கழுவி, கிருமி கொல்லும் ஃபார்மலின் மருந்தை நிரப்பி மூடிவிட வேண்டும். மறுபடி வேலை இருக்கிற நாளில் காலையில் அதைக் கொட்டிவிட்டு, வாடை போகும்வரை அலச வேண்டும். கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சோதனை மாத்திரையைப் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபார்மலின் துளி மிச்சம் இருந்தாலும் ரத்தத்துக்கு ஆகாது. எல்லாவற்றுக்குமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். கண் எரியும், மூக்கில் தண்ணீர் வடியும். ஆனாலும் சுத்தம் என்றால் அந்த ஆஸ்பத்திரியிலேயே நான்தான் என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. ஆயாக்கள் கழுவியதை நான் மறுபடி கழுவுவேன். அவர்கள் என்னைத் திட்டியதும் எனக்குத் தெரியும்.

அப்போது எங்களிடம் நிரந்தரமாக வந்த நோயாளி ஒருவர்தான். வாளையார் செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்கு டீக்கடை வைத்திருந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் வருவார். வேலூரில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைப்பதாக ஏற்பாடு. கொடுக்கப் போகிறவர் அவருடைய அக்கா. ரத்தம் பொருந்துகிறது என்று அங்கே பார்த்துச் சொல்லிவிட்டார்கள், தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, காய்ச்சல் இருக்கக் கூடாது. காய்ச்சலோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவரை அவரைக் காய்ச்சல் இல்லாமல் வைத்திருப்பதுதான் எங்கள் வேலை.

அக்கா உடும்பஞ்சோலை மலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தார். கல்யாணமாகிப் போய் இருபது வருடம் ஆனதில் பேச்சு முழுக்க அந்தப் பக்கத்துப் பேச்சாக மாறியிருந்தது. தோட்டத்தில் லீவு வாங்கிக்கொண்டு, தேதிக்கு ஒரு மாதம் முன்பே தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பிக்கு உப்பில்லாமல் சமைத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் கூடவே வருவார்.

அக்கா வந்த அதே வாரத்தில்தான் தம்பி என்னிடம் ஓர் உதவி கேட்டார்.

"ஏனுங் நர்ஸம்மா, கொஞ்சம் நேரத்துலயே ஆரம்பிச்சா ஆகாதுங்களா? இருட்டுல பஸ் எறங்கி நடக்கறதுக்குக் காலு வரமாட்டேங்குதுங்க."

முந்தின நாள் சாயங்காலமே ஃபார்மலினைக் கொட்டி அலசி வைத்துவிட்டால், காலை ஏழு மணிக்கு அவரைப் படுக்க வைத்துவிடலாம். அப்படியே செய்தேன். அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். சீக்கிரம் முடிந்தால் என் ஊரான கொல்லங்கோட்டுக்கு எனக்கும் ஐந்தரை பஸ் கிடைக்கும். டாக்டரிடம் கேட்கவில்லை. கழுவுகிற விஷயத்தில் என்னைவிட அவருக்கு என்ன தெரியும் என்ற திமிர்.

முதல் நாள் ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். எட்டு மணிக்கு அவருக்குக் குளிர் எடுத்தது. கட்டில் ஆடுகிற அளவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது, பிறகு காய்ச்சல். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறை நூற்று மூன்றுக்குப் போய்விட்டது, அவரை வார்டிலேயே சேர்த்துக்கொண்டோம். டாக்டர் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தார். என்னையும் கேட்டார்.

"கழுவறதுல ஒண்ணும் மாத்தலையே?"

"இல்லைங்க டாக்டர்" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொன்னேன். கழுவத்தானே செய்தேன், என்றைக்குக் கழுவினால் என்ன என்று எனக்குள் ஒரு கணக்கு.

புதிதாக வந்தது என்ன என்று பார்த்தால் அக்கா ஒருத்திதான். மலையிலிருந்து ஏதோ காய்ச்சலைக் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் நினைத்தார். அக்காவின் ரத்தத்தைச் சோதித்ததில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் தம்பிக்குச் சமைக்க வேண்டாம், கிட்டே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பி ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குடித்தார். அக்கா தூக்குப்பாத்திரத்தோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். இப்படியே போனால் வேலூர்த் தேதியைத் தள்ளிவைக்கக் கடிதம் எழுத வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னது அக்காவின் காதிலும் விழுந்தது.

அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன்கிழமை, ரப்பர் குழாய் ஒரு முனையில் வெடித்திருந்ததால் வேறு மாற்றலாம் என்று கழற்றினேன். உள்ளே விரலை விட்டேன். மீன் கழுவிய சட்டி போல வழவழவென்று இருந்தது. விரலை முகர்ந்து பார்த்தேன், ஃபார்மலினையும் மீறி அழுகல் வாடை அடித்தது.

அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அலசி வைத்த குழாய் ராத்திரி முழுக்க ஈரமாக, ஃபார்மலின் இல்லாமல் கிடந்திருக்கிறது. ஒட்டியிருந்த சோடாவில் கிருமிகள் சௌகரியமாகக் குடும்பம் நடத்தியிருக்கின்றன. காலையில் அதே குழாயில் நான் சோடாத் தண்ணீரை விட்டிருக்கிறேன். மூன்று முறையும் அவரை நடுங்க வைத்தது நான்தான்.

புதுக் குழாயை மாட்டினேன். கேனைத் தேய்த்துக் கழுவி ஃபார்மலின் நிரப்பினேன். பழைய குழாயைப் பேப்பரில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். ஏன் எறியவில்லை என்று எனக்கே தெரியாது. இனிமேல் ஒழுங்காகச் செய்தால் காய்ச்சல் வராது, யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. அதைவிட, ஆயாக்கள் சிரிப்பார்களே என்ற பயம் பெரிதாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் நிஜம்.

வியாழக்கிழமை காலையில் அக்கா தனியாக வந்தார். கையில் துணிப்பை.

"நான் ஊருக்குப் போறேன் தாயி. நான் வந்ததுல இருந்துதான் அவனுக்கு இப்படி. எங்கிட்ட என்னமோ இருக்கு. அவனாச்சும் நல்லா இருக்கட்டும். தம்பிய கொஞ்சம் பாத்துக்க."

நான் கையில் பிரஷோடு நின்றுகொண்டிருந்தேன். அலமாரி எனக்குப் பின்னால் இருந்தது.

"போய்ட்டு வாங்கக்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் வந்து ஃபார்மலினைக் கொட்டி, பழையபடி ஒன்றரை மணி நேரம் அலசி, மாத்திரை போட்டுப் பார்த்து, ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். அவருக்குக் குளிரவில்லை. காய்ச்சல் இல்லை. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் டாக்டர் உள்ளே வந்து, "பார்த்தியா, அவ போனா, காய்ச்சலும் போச்சு" என்றார். வார்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் சத்தமில்லாமல் சரி செய்ததே, அக்காதான் காரணம் என்று எல்லோரையும் முடிவுகட்ட வைத்துவிட்டது.

மறுநாள் வார்டிலிருந்து அனுப்புகிற நேரத்தில் தம்பி டாக்டரிடம் சொன்னார்.

"அக்காளோடது எனக்கு வேண்டாமுங்க. அவ பக்கத்துல இருந்தாலே காய்ச்ச வருது. அவ ஒடம்புல இருக்கறத எடுத்து எனக்குள்ள வெச்சா நான் பொழைப்பனுங்களா?"

டாக்டர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வேறு யாரும் அவருக்குப் பொருந்தவில்லை. அக்கா இல்லையென்றால் வேலூர் இல்லை. வேலூர் இல்லையென்றால் இந்தத் தொட்டியை வைத்து எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அலமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். முந்தின நாளே அலசி வைத்ததைச் சொன்னேன். மூன்று முறை அப்படிச் செய்ததையும் சொன்னேன். அவர் கத்தரிக்கோலால் குழாயை நீளவாக்கில் வெட்டி, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

"எப்ப மாத்தினே இத?"

"வெள்ளிக்கிழம காலைலங்க டாக்டர். அப்பப் புரியலைங்க. இன்னிக்குத்தான் புரிஞ்சுதுங்க."

புதன்கிழமையை அப்படியே விழுங்கிவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டினார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. "தப்பு யாருக்கும் வரும். வந்து சொன்னியே, அது போதும்" என்றார். தம்பியைக் கூப்பிட்டு அவரே விளக்கிச் சொன்னார். தோட்டத்து ஆபீசுக்கு அன்றைக்கே தந்தி போயிற்று. நான்காம் நாள் அக்கா வந்து இறங்கினார். அடுத்த வாரம் இருவரும் ஒலவக்கோடு ஸ்டேஷனில் வேலூருக்கு ரயிலேறினார்கள்.

வேலூரில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மூன்று மாதம் கழித்து இருவரும் எங்களைப் பார்க்க வந்தார்கள். தம்பிக்கு முகம் உப்பியிருந்தது, மருந்தினால். ஆனால் தானாகவே படியேறி வந்தார். டாக்டரிடம் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா என்னைத் தேடி உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரய்யா எல்லாம் சொன்னாரு தாயி. தெரிஞ்ச ஒடனே ஓடிப் போயிச் சொல்லிட்டியாமே. வேற யாராச்சும்னா மறைச்சிருப்பாக. நீ மட்டும் சொல்லலேன்னா, எந்தம்பியக் கொன்னவ நாந்தான்னு நெனச்சுக்கிட்டே சாகிற வரைக்கும் கெடந்திருப்பேன்."

நான் கையை உருவப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"நான் பையத் தூக்கிட்டு வந்து நின்னேன்ல, அன்னைக்கு உனக்கே தெரிஞ்சிருக்காது, பாவம்."

"தெரியாதுங்கக்கா" என்றேன்.