பாலத்தருகே உட்கார்ந்த கருப்பி

அந்த டிரைவருக்கு நாய் என்றாலே குலைநடுக்கம். பிழைக்கப் போன வெளிநாட்டில் அவருக்கு வாய்த்ததோ, சரக்குக் கிடங்குகளில் வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாய்களை வேனில் ஏற்றிப் போகிற வேலை. சீட்டுக்குப் பின்னால் கம்பி வலை இருந்ததால் ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

"பின்னாடி திரும்பியே பார்க்காம ஓட்டுறதுல உங்களை மிஞ்ச ஆளில்லை" என்று நாய்ப் பயிற்சியாளர் கேலி செய்வார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் பழக்கிய பெண் நாய் கருப்பி.

போர் மூண்ட நான்காம் நாள், கடைசி மீட்பு விமானம் மதியம் கிளம்பும் என்று தூதரகத்திலிருந்து தகவல் வந்தது. கருப்பியோடு சேர்த்து மூவரும் வேனில் கிளம்பினார்கள். விமான நிலையத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, சாலையோரக் கட்டடத்தின் மேல் குண்டு விழுந்தது. வேன் கண்ணாடி நொறுங்கி ஒரு சில்லு மாஸ்டரின் தொடையில் பாய்ந்தது. இன்ஜின் அதன்பின் உயிர் பெறவில்லை.

"நடந்துதான் போகணும். கயித்தைப் பிடிங்க" என்றார் மாஸ்டர்.

"நானா? வேற வழியில்லையா மாஸ்டர்?"

"ஒத்தைக் கால்ல நிக்கிறேன். நான் உங்களைப் பிடிக்கவா, அதைப் பிடிக்கவா?"

ஒரு தோளில் மாஸ்டர், மறுகையில் கயிறு. டிரைவர் கயிற்றை நீளமாக விட்டு நாயிடமிருந்து விலகியே நடந்தார். மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். சிறிய பாலம் ஒன்றை நெருங்கியதும் கருப்பி சட்டென்று உட்கார்ந்தது. களைத்துவிட்டது என்று நினைத்து அவர் கயிற்றை இழுத்தார்.

மாஸ்டரின் விரல்கள் அவர் தோளை இறுக்கின. "இழுக்காதீங்க. வெடிமருந்து வாசம் பட்டாத்தான் அது இப்படி உட்காரும். மெதுவாப் பின்னாடி வாங்க."

டிரைவர் மெல்லப் பின்னால் நகர்ந்தார். திரும்பினால், ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். போகாதீர்கள் என்று கத்தினார். விமானத்தைத் தவிர அவர்கள் காதில் எதுவும் ஏறவில்லை. நாய்க்குப் பயந்தவன் எப்படி ஒதுங்குவான் என்பது அவருக்குத் தெரியாதா? கருப்பியை முன்னால் விட்டுச் சாலைக்குக் குறுக்கே நின்றார். அது குரைக்கக் குரைக்கக் கூட்டம் பின்வாங்கியது. அந்தக் குரைப்பு அவருக்கும் பயம்தான். கயிற்றை மட்டும் விடவில்லை. எல்லோரும் பக்கத்துத் தொழிற்சாலை வளாகம் வழியே சுற்றிப் போனார்கள்.

விமான நிலையத்தில் தூதரக அதிகாரி கையை விரித்தார். "கூண்டு இல்லாம நாயை ஏத்த முடியாதுங்க."

கூண்டு வேனிலேயே கிடந்தது. வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, "பாலத்துல இதுதான் சார் எங்களை நிறுத்துச்சு. இதை விட்டுட்டு எங்களை மட்டும் ஏறச் சொல்றீங்களா?" என்றாள். அதிகாரி காயம்பட்ட மாஸ்டரையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடிக்காதபடி வாய்க்கவசம் போட்டுக் காலடியில் படுக்க வைக்கச் சொன்னார்.

விமானத்தில் மாஸ்டரை முன்பக்கம் படுக்க வைத்ததால் கருப்பி டிரைவரின் காலடிக்கு வந்தது. விமானம் மேலெழும்பும்போது வெளியே எங்கோ வெடித்தது. நாய் நடுங்கியபடி அவர் பாதத்தின் மேல் தலையைச் சாய்த்தது. மூன்று மணி நேரம் அவர் காலை அசைக்கவில்லை.

பாலத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஊர் வந்ததும் மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கும் கருப்பி நோய்த்தடுப்புக் காப்பகத்துக்கும் போனார்கள். மனைவி போனில், "பத்திரமா வந்துட்டீங்களா?" என்றபோது, "ஒரு நாய்தான் கூட்டிட்டு வந்துச்சு" என்றார்.