குங்குமம் வைத்த ரூட்டர்

சிம்மக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டர். தலைக்கு எடுக்கும் படத்தைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் சென்னையில் இருந்தார். படம் லைன் வழியாக அவருக்குப் போகும். அந்த லைன் அறுந்தால், ரூட்டர் தானே ஐஎஸ்டிஎன் என்கிற மாற்று டெலிபோன் லைனில் டயல் செய்து அனுப்பும். அது சரியாக இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது என் வேலை.

நான் எட்டாவது வரைக்கும்தான். கம்ப்யூட்டரில் தட்ட வேண்டியதை இன்ஜினியர் ஓர் அட்டையில் எழுதித் தந்திருந்தார். தட்டினால் திரையில் 'ஆக்டிவ்' என்று வர வேண்டும். பிறகு சென்னைக்கு ஒரு டெஸ்ட் கால். போனால் நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு வருடம் டெஸ்ட் போடும் நாள் ஆயுத பூசையன்று வந்தது. ரூட்டரைக் கழற்றித் துடைத்து, வயர்களைத் திரும்பச் செருகினேன். நிமிர்வதற்குள் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டிவிட்டார்கள். அட்டையை எடுத்தேன். ஸ்கேன் எடுக்கும் அண்ணன் என் கையைப் பிடித்தார்.

“பூசை போட்டாச்சுப்பா. இனி நாளைக்குத்தான் கை வைக்கணும். சாமியவே டெஸ்ட் பண்ணிருவ போல.”

வரவேற்பில் இருந்த அக்கா சிரித்தார். “பொரிய வாங்கிட்டுக் கெளம்பு. இம்புட்டு நாள் ஓடுனது இன்னைக்கா ஓடாது?”

பொரியை வாங்கினேன். நோட்டில் 'சரி' என்று எழுதினேன்.

மறுநாள் காலை அந்த அண்ணனே வண்டியூரில் என் வீட்டுக்குப் போன் செய்தார். ரோட்டில் குழி தோண்டியவர்கள் மெயின் லைனை அறுத்திருந்தார்கள்.

“ஐஎஸ்டிஎன்னும் போகலப்பா. தலையில அடிபட்டவரு காத்துக் கெடக்காரு.”

“வாரேண்ணே.”

பஸ் கிடைத்துப் போய்ச் சேர ஒரு மணி நேரம். ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர். கீழக்குயில்குடியில் வேப்ப மரத்திலிருந்து விழுந்தவர். பக்கத்தில் அவர் மகன், ஏறக்குறைய என் வயசு.

“அண்ணே, எங்கப்பா படத்த அனுப்பிட்டீகளா?”

ரூட்டரின் பின்னால் ஒரே மாதிரி மூன்று துளைகள். ஐஎஸ்டிஎன் வயர் பக்கத்துத் துளையில் இருந்தது. நான் செருகியது. அதற்கு மேலே குங்குமம் காய்ந்திருந்தது.

மாற்றிச் செருகினேன். தட்டினேன். ஆக்டிவ். படம் போனது. உடனே ஆபரேஷன் என்று சென்னையிலிருந்து சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் இறந்துவிட்டார்.

“முந்தியே அனுப்பிருந்தா பொழச்சிருப்பாராண்ணே?” என்று ஸ்கேன் அண்ணனிடம் கேட்டேன்.

“யாருக்குப்பா தெரியும்?” என்றார் அண்ணன்.

வயரைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. பழி முழுக்கக் குழி தோண்டியவர்கள் மேல் போனது.

காரியம் முடிந்து மகன் ரிப்போர்ட் வாங்க வந்தான். மொட்டைத் தலை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“லீவு நாள்னு பாக்காம ஓடி வந்தீகளேண்ணே.”

அதன் பிறகு டெஸ்ட் கால் போட்டுவிட்டுத்தான் பூசைக்கு விடுவேன். யார் சிரித்தாலும் சரி.

அவனை இன்னும் சிம்மக்கல்லில் பார்க்கிறேன். என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி டீ வாங்கித் தருவான். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அதற்குள் அவன் டீக்கடைக்காரர் பக்கம் திரும்பிவிடுவான்.

“எங்கப்பா படத்த அனுப்புன அண்ணன் இவருதான்.”