பைகளுக்குக் காவல்

பெரம்பலூரில் நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தபோது, வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஒல்லியான உருவம். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் குனிந்து அடிப்பக்கம் பார்ப்பாள்.

ஒருமுறை அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையைப் பார்க்கப் போனோம்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அந்தத் தூசி? நீ பஸ்லயே இருந்து பையெல்லாம் பாத்துக்கம்மா" என்றார் சார். நாங்கள் எங்கள் பைகளை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினோம்.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, வெயிலில் நின்ற பஸ் உள்ளே கொதித்தது. அவள் நோட்டோடு என்னிடம் கேட்டாள்: "அந்தப் பெரிய உருளைச் சூளை எந்தப் பக்கமா சுத்துது?"

"கவனிக்கலையே."

"உள்ள போயும் பாக்கலையா?" கோபமில்லை, அலுப்புதான்.

மறுவாரம் ஆலையில் பார்த்ததைப் பற்றி அறிக்கை கேட்டார்கள். அவள் மட்டும் புத்தகங்களைப் பார்த்து எழுதி முடித்திருந்தாள். நாங்கள் அவளிடமே போய் நின்றோம். நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஏன் கொடுத்தாள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.