ஒன்பது அங்குல மணல்

செந்தில்வேல் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்தார். போன மார்கழியில், ஐம்பத்தெட்டு வயதில், மாரடைப்பில் இறந்தார். நூறு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து ஒரே வெட்டாக வெட்டுகிற வேலை. அரை அங்குலம் பிசகினால் நூறு பனியனும் கோணல். அளவு விஷயத்தில் அவரை யாரும் குறை சொன்னதில்லை, ஒருமுறை தவிர.

கூடைப்பந்து அவருக்கு மகள் வழியாக வந்தது. கீர்த்தனா பள்ளியில் ஆடிய காலத்தில் விடியற்காலையில் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விடுவார். கம்பெனி எட்டரைக்குத்தான் என்பதால் ஓரமாக நின்று பந்து பொறுக்கிப் போடுவார். மகள் சிவில் இன்ஜினியராகி ஓசூருக்குப் போய்விட்டாள். அவர் மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. சில ஆண்டுகளில் அங்கே ஆட வந்த பதினான்கு பெண்பிள்ளைகளும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்துப் பிள்ளைகளுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு வலித்தது. கடற்கரை மணலில் ஓடிப் பழகும் ஆட்டக்காரர்களை அவர் போனில் பார்த்தார். மணலில் குதித்தால் மூட்டுக்கு அடி குறைவு, தசைக்கு வேலை அதிகம். திருப்பூரிலிருந்து கடல் வெகு தூரம். எனவே அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த ராசப்பனிடம், பட்டறைக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கேட்டார். நாற்பதடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். குழி வெட்டியாயிற்று.

"மாஸ்டருங்க, மணல் சரி. கடலு எங்கீங்க?" என்று கேட்டாள் தரணி. பதினைந்து வயது. அணியிலேயே உயரமாக எம்புகிறவள்.

"டேங்கர்ல வருது கண்ணு. நம்மூர்ல தண்ணி வேற எப்படி வரும்?"

கட்டிட வேலை முடிந்த இடங்களில் மிஞ்சியதையெல்லாம் கேட்டு வாங்கியும் குழிக்குப் பாதி மணல்தான் கிடைத்தது. மீதிப் பாதியை அவர் தனக்குத் தெரிந்த பொருளால் நிரப்பினார். பனியன் வேஸ்ட். வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுத் துணி, கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அடியில் ஒன்பது அங்குலம் வேஸ்ட்டை மிதித்து இறுக்கினார். மேலே ஒன்பது அங்குலம் மணல். மெத்தை மாதிரி இருந்தது. இரண்டு மாதம் பிள்ளைகள் அதில் ஓடினார்கள், குதித்தார்கள். எலும்பு வலி குறைந்தது. மகளிடம் இதைப் பற்றி அவர் சொல்லவில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் மழை. நான்காம் நாள் வெயிலடித்து மேல்மணல் காய்ந்துவிட்டது. பார்வைக்கு எல்லாம் பழையபடிதான். அடியில் துணி நீரைக் குடித்து உப்பி, பிறகு இடத்துக்கு இடம் அமுங்கிப் பொந்து விட்டிருந்தது. தரணி எம்பிக் குதித்து இறங்கியபோது வலது கால் ஒரு பொந்துக்குள் போய் மடங்கியது. கணுக்காலில் தசைநார் கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். பள்ளி மாணவிகளுக்கான டிவிஷன் அணித் தேர்வுக்கு ஐந்து வாரமே இருந்தது.

"புள்ள கால் பிசகி உழுந்துருச்சுன்னு சொல்லி உட்ருங்க மாஸ்டர். வெளையாட்டுன்னா உழுகறதுதான். எதுக்குங்க வம்பு?" என்றார் ராசப்பன்.

செந்தில்வேல் மணலைக் கிளறி ஈரத்துணி ஒரு கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தரணியின் வீட்டுக்குப் போனார். அவள் அம்மா குழந்தையம்மாள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். ஒரு நாளைக்கு அறுநூறு பீஸ் புரட்டுகிற கண்.

"இதுதானுங்க மணலுக்கு அடியில கெடந்துச்சு. நான் போட்டது. புள்ள மேல தப்பு இல்லீங்க."

குழந்தையம்மாள் துணியைப் பிழிந்து பார்த்தார். தண்ணீர் சொட்டியது.

"உங்க பொண்ணு குதிக்கற எடமா இருந்தா இதையப் போட்டிருப்பீங்களா?"

அவர் துணியை வாங்கித் திரும்பப் பையில் போட்டார்.

"இனி எம்புள்ள அங்க வராதுங்க. நீங்க போலாம்."

அன்று மாலை அவர் மகளுக்குப் போன் செய்தார். பதினோரு நிமிடம் பேசினார்கள். வழக்கமாக இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது.

"ஏம்ப்பா என்னைய ஒரு வார்த்த கேக்கல?"

"நீ வேலையா இருப்பேன்னு உட்டுட்டேன், கண்ணு."

அடியில் நாலங்குலம் ஜல்லி, அதன்மேல் நீர் வடியும் விரிப்பு, ஒரு பக்கம் சரிவு என்று அவள் சொன்னாள். மேலே மணல் ஒன்பது அங்குலம் போதும் என்றாள். முதலிலேயே அது போதுமானதாக இருந்திருக்கும். ஒன்றரை அடி வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கடற்கரை ஆழமாக இருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்டது.

பத்தொன்பது நாள், கம்பெனிக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம் தோண்டினார். மணலைச் சலித்து ஒதுக்கி, வேஸ்ட்டை அள்ளி வெளியேற்றி, ஜல்லியும் விரிப்பும் பரப்பி, மேலே மணலைக் கொட்டினார். ஒரு ஞாயிறு வருவதாகக் கீர்த்தனா சொல்லியிருந்தாள். வரவில்லை.

வேலை முடிந்ததும் குழந்தையம்மாளின் கம்பெனி வாசலில் காத்திருந்து சொன்னார். "ஒருக்கா வந்து நீங்களே பாருங்க. பாத்துட்டு அப்பறமும் வேண்டாம்னா சரிங்க."

ஞாயிறு காலை குழந்தையம்மாள் மகளோடு வந்தார். தரணி கணுக்காலில் கட்டிய பட்டையோடு வேலியோரம் நின்றாள். குழந்தையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அடிமேல் அடி வைத்து நடந்தார். பிறகு ஓரடி தள்ளித் திரும்பி வந்தார். துணியைத் தடவிக் குறை தேடுவதுபோலப் பாதத்தால் தேடினார். சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டார். கம்பெனியில் குறை உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுகிற பழக்கம். மொத்தம் மூன்று குச்சி.

செந்தில்வேல் மூன்றையும் தோண்டினார். இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித்துண்டு.

"இன்னும் எத்தன கெடக்குதோ."

"தெரிலீங்க. மறுக்காச் சலிக்கறேனுங்க."

குழந்தையம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். செந்தில்வேல் மொத்த மணலையும் மீண்டும் சலித்தார். அடுத்த ஞாயிறு ஒரு குச்சி, அந்த இடத்தில் ஒரு கூழாங்கல். அதற்கடுத்த ஞாயிறு குச்சி நடவேயில்லை. அதற்குள் தேர்வு முடிந்து, தரணியில்லாமலேயே அணி போட்டிக்குப் போய்விட்டிருந்தது.

"நீங்க குதிங்க பாக்கலாம்," என்றார் குழந்தையம்மாள்.

"நானுங்களா?"

"பின்ன? எம்புள்ளையா மொதல்ல?"

ஐம்பத்தாறு வயது மனிதர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குழியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை குதித்தார். நடுவில் மூச்சு வாங்கி நின்றார். பார்க்க வந்திருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மாஸ்டருங்க, கையத் தூக்கிக் குதிங்க, அப்பத்தான் பந்து கெடைக்கும்," என்று கத்தினாள் தரணி. குழந்தையம்மாள் மட்டும் சிரிக்காமல் அவர் பாதம் பதிகிற இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தரணி பட்டையைக் கழற்றாமல் மணலில் இறங்கினாள்.

"இன்னைக்கு நடக்கறது மட்டுந்தான் கண்ணு. பத்து நிமிசம்," என்றார் செந்தில்வேல், மூச்சு இன்னும் அடங்காமல்.

"பதினஞ்சுங்க மாஸ்டர்."

"பத்து."

அவள் நடந்தாள். குழந்தையம்மாள் செருப்பைக் கையில் பிடித்தபடி, பத்து நிமிடமும் முடிகிறவரை குழியின் ஓரத்திலேயே கூடவே நடந்தார்.