ராணுவ லாரிக்கு இரண்டு கோட் பச்சை

எந்த வண்டி நின்றாலும் மீட்டர்காரர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா கை வச்சது யாரு?" என்பதுதான். முப்பது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன். வோல்ட் மீட்டர் பையிலிருந்து வெளியே வருவதற்குள் யாரோ ஒருத்தருடைய மானம் கப்பலேறிவிடும்.

குடிதண்ணீர் ஏற்றும் பழைய ராணுவ லாரி சார்ஜ் ஏறாமல் படுத்துக்கொண்டபோதும் அதையேதான் கேட்டார்.

"போன மாசம் உங்க மருமகன்தான் ரெண்டு பேட்டரியும் புதுசா மாட்டினாரு" என்றார் டிரைவர். "இப்ப ஒரு வாரமா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்றோம்."

போதாதா? மருமகன் அடுத்த தெருவில் கடை போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. மீட்டர்காரர் நேராக டீக்கடைக்குப் போய், "நம்ம மாப்பிள்ளை பன்னெண்டு வோல்ட் கார்ல விளையாடுறவரு. இருபத்துநாலு வோல்ட் லாரி அவருக்கு எதுக்கு?" என்று ஊர் கேட்கச் சொன்னார். நான்கே நாளில் மருமகன் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் போன் செய்தாள்.

"கடைய மூடிடலாமான்னு கேக்குறாருப்பா. உங்க வாயால கெட்டது. நீங்களே சரி பண்ணுங்க."

அதன் பிறகுதான் மனுஷன் லாரிக்கு அடியில் படுத்தார். பேட்டரியைச் சோதித்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ஜினை ஓடவிட்டு ஆல்டர்னேட்டரில் மீட்டரை வைத்தார்; இருபத்தெட்டு வோல்ட், ஜம்மென்று. பேட்டரியில் வைத்தால் இருபத்துநாலுகூடத் தேறவில்லை. நடுவழியில் எங்கோ நாலு வோல்ட் காணாமல் போகிறது. சிவப்பு வயரில் இழப்பில்லை. எர்த் பக்கம் வந்தார். பேட்டரியிலிருந்து வரும் எர்த் பட்டையைச் சேஸிஸ் சட்டத்தில் முடுக்கிய போல்ட்டைக் கழற்றினார். பட்டைக்கு அடியில் இரும்பு இல்லை. பளபளவென்று பச்சைப் பெயிண்ட், இரண்டு கோட். பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் எப்படிப் போகும்?

அந்தப் பெயிண்டை அவருக்கு நன்றாகத் தெரியும். பத்து நாளுக்கு முன் ஹெட்லைட் பார்க்க வந்தவர், அந்த இடத்தில் துருவைக் கண்டு மனசு கேட்காமல், பட்டையைக் கழற்றி, காசுகூட வாங்காமல் தன் கையாலேயே அடித்த பெயிண்ட். அதைக் கை வைத்த கணக்கில் அவர் சேர்த்ததே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சுரண்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். ஆனால் மகள் குரல் காதிலேயே நின்றது. சுரண்டினார், முடுக்கினார், பேட்டரியில் இருபத்தெட்டு காட்டியது. எண்ணெய்க் கையோடு டீக்கடைக்கு நடந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மாப்பிள்ளை வேலையில ஒரு தப்பும் இல்ல. எர்த்துக்கு அடியில பெயிண்ட் அடிச்சுக் கெடுத்தது நான்தான். நானேதான்!"

லாரி டிரைவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, மருமகன் செஞ்ச தப்பைத் தன் தலையில போட்டுக்க யாருக்குண்ணே மனசு வரும்?"

"யோவ், சத்தியமா நான்தான்யா!"

"பாத்தீங்களா, இன்னமும் மாப்பிள்ளைய விட்டுக்கொடுக்க மாட்டேங்குறாரு" என்றார் டீ ஆற்றுகிறவர்.

மறுநாள் காலையில் மீட்டர்காரர் பட்டறை வாசலில் ஆறு வண்டிகள் நின்றன. அதில் இரண்டு, அதுவரை மருமகனைவிட்டு வேறெங்கும் போகாதவை.